உறையில்லாத தின்பண்டம் எது? திருகோணமலைப் பிள்ளைகளோடு ஒரு மாலை விளையாட்டு

சாப்பாட்டையும் சுற்றாடலையும் பிள்ளைகளுக்கு இரண்டு பாடமாகப் பிரித்துச் சொல்லத் தேவையில்லை. இரண்டும் வந்து சேரும் இடம் ஒன்று இருக்கிறது. அது தின்பண்டத்தின் உறை. உள்ளே இருந்தது பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறது, உறை கடற்கரைக்குப் போகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விளையாட்டும் கேள்வியும் தானாகவே வந்து சேரும்.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஊர் வாசிகசாலை முற்றத்தில் அயல் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட விடுகிறேன். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளுமாக, ஆறு வயதுச் சின்னனிலிருந்து பன்னிரண்டு வயதுப் பெரியவர்கள் வரை வருவார்கள். இதே மாதிரி ஒன்றைத் தொடங்க நினைக்கிற ஆசிரியர்களுக்கும் தாய்மாருக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்க மிகச் சுலபமானது நாங்கள் 'குப்பைத் துப்பறிவு' என்று சொல்லும் விளையாட்டு. இரண்டு உரப்பை, ஆளுக்கொரு தடித்த கையுறை, ஒரு பழைய படங்கு, இவ்வளவு போதும். கடற்கரையில் கொஞ்ச நேரம் பொறுக்கிவிட்டு, எல்லாவற்றையும் படங்கில் கொட்டி வட்டமாக நிற்போம். ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து மூன்று கேள்வி: இது என்ன, யார் பாவித்தது, இங்கே எப்படி வந்தது? பிஸ்கட் உறை, மிக்சர் பை, டொபித் தாள், யோகட் கப், சோடாப் போத்தல், ஷாம்பு பக்கற், அறுந்த தங்கூசி (நைலோன்) நூல். பொருளைப் பொருளோடு சேர்த்துக் குவிக்கச் சொன்னால், எந்தக் குவியல் உயரமானது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். எங்களுக்கு அநேகமாகத் தின்பண்ட உறைதான். ஒரு மகள் மிக்சர் பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இது நான் தின்னுற மிக்சர்" என்றாள். அவள் கையால் எறிந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தான் தின்னும் பொருளுக்கும் இந்த மணலுக்கும் தொடர்பிருக்கிறது என்று அவளாகவே கண்டுகொண்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். உடைந்த போத்தல், ஊசி, மருந்துக் குப்பி எல்லாம் பெரியவர்கள் மட்டுமே எடுக்கலாம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் போக வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் அலைக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடவே கூடாது. திரும்பி வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் வரை எந்தச் சாப்பாடும் வெளியே வராது.

மூன்றாவது கேள்விதான் பிள்ளைகளை மிகவும் இழுக்கும். ஒரு நாள் ஒரு யோகட் கப்பைத் தூக்கிப் பிடித்துக் கேட்டேன்: "கண்டியில ஒரு பிள்ளை இதை ஆத்துக்குள்ள எறிஞ்சா, எங்க வந்து சேரும்?" கொழும்பு என்றார்கள், கடல் என்றார்கள், எங்கேயும் போகாது என்றார்கள். இலங்கைப் படத்தை விரித்து மகாவலியின் மேல் விரலை ஓடவிடச் சொன்னேன். மலைநாட்டில் பிறந்து, கண்டியைச் சுற்றி, 335 கிலோமீற்றர் ஓடி, மூதூர்ப் பக்கம் எங்கள் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது நாட்டின் மிக நீளமான ஆறு. விரல் கொட்டியாரத்தில் நின்றதும் முற்றமே இரைந்தது. "அப்ப அவங்கட குப்பை எங்களுக்கா?" என்று ஒருவனுக்குக் கோபம். அவனுக்குப் பக்கத்தில் இருந்த சின்னவன், "எங்கட கான் எங்க போகுது?" என்று கேட்டான். அடுத்த வாரம் வாசிகசாலைக்கு முன்னால் ஓடும் கானைப் பின்பற்றி நடந்தோம். வளைந்து வளைந்து போய்க் கடலில்தான் முடிந்தது. கான் வாயிலே இரண்டு சோடாப் போத்தல் சிக்கிக் கிடந்தன.

பொது அறிவுக் கேள்விகளை நான் தேர்ந்தெடுப்பது இப்படித்தான். விடையைப் பிள்ளை கண்ணால் பார்க்கவோ, கையால் தொடவோ, வாயில் போடவோ முடிய வேண்டும். 'பிளாஸ்டிக் அழிய எத்தனை வருஷம்' என்ற கேள்வி எல்லாப் போட்டிகளிலும் வருகிறது. நான் அதைக் கேட்பதில்லை. பொலித்தீனைக் கண்டுபிடித்ததே 1933ல். முழுதாக அழியும் வரை காத்திருந்து பார்த்தவர் எவருமில்லை, அதனால் சொல்லப்படுவதெல்லாம் மதிப்பீடுதான். பிள்ளை ஒரு எண்ணை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அவளிடம் என்ன மாறிவிடும்? அதற்குப் பதிலாக 'மண் எதைத் தின்னும்' என்று விளையாடுகிறோம். முற்றத்து மூலையில் வாழையிலைத் துண்டு, பத்திரிகைத் தாள், கொய்யாத் தோல், சோறு கட்டும் லஞ்ச் சீற், யோகட் கப் எல்லாவற்றையும் ஒவ்வொரு குழியில் புதைத்து, தடி நட்டுப் பெயர் எழுதி, தண்ணீர் தெளித்து வைப்போம். தோண்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை எழுதித் தர வேண்டும். சில கிழமை கழித்துக் கிளறினால், கொய்யாத் தோல் இருந்த இடத்தில் மண்புழு நெளியும். வாழையிலை கறுத்து நார்நாராகியிருக்கும். லஞ்ச் சீற்றைக் கழுவினால் இன்னொரு சோறு கட்டலாம் போலிருக்கும். அதை 2017லேயே நாட்டில் தடைசெய்துவிட்டார்கள் என்று சொன்னால், "அப்ப இது எங்கால வந்தது?" என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்கான விடையைத் தேடிக் கடைத்தெருவுக்குத்தான் போக வேண்டும்.

இனி உறையில்லாத தின்பண்டம். வட்டமாக இருந்து, கை தட்டித் தாளம் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். உறையே இல்லாமலோ, இலையிலோ தாளிலோ வைத்துத் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக் கூடாது. கொய்யா, விளாம்பழம், நாவற்பழம், பாலைப்பழம், அவித்த கச்சான், சோளம், பனங்கிழங்கு, அவித்த கௌபி, தேங்காய்ப்பூப் போட்ட பயறு, இளநீர் வழுக்கை, குரக்கன் ரொட்டி. முஸ்லிம் பிள்ளைகள் நோன்புக் கஞ்சியைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் இலைக்கஞ்சியைச் சொல்வார்கள். முதல் சுற்று சட்டென்று முடிந்துவிடும். வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடமும் உம்மம்மாவிடமும் கேட்டுக்கொண்டு வந்த பிறகு வரும் சுற்றுத்தான் நீளமானது. ஒடியல், பனாட்டு, உளுத்தங்களி என்று பிள்ளைகள் தின்றே பார்க்காத பெயரெல்லாம் வட்டத்துக்குள் வரும். சொன்ன பண்டத்தில் ஒன்றையாவது அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து பங்கிட்டுத் தின்ன வேண்டும் என்பது எங்கள் சட்டம். பெயரோடு நின்றால் விளையாட்டு அரைவாசியில் நின்றமாதிரி.

இந்த விளையாட்டில் பிள்ளைகளே ஓட்டை கண்டுபிடிப்பார்கள். "திரிபோஷாவும் பையிலதானே வருது, அது கூடாதா?" என்று ஒரு பெரிய மகள் கேட்டாள். சரியான கேள்வி. 1973 முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் கொடுத்துவரும் சத்துமா அது. பையில் வருவதெல்லாம் கெட்டதல்ல, உறையில்லாததெல்லாம் நல்லதுமல்ல. திறந்து வைத்து ஈ மொய்க்கிற வடையைத் தின்னச் சொல்கிறேனா? இந்த வாக்குவாதம் நடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பிள்ளைகள் தாங்களாக யோசிக்கத் தொடங்குவது அதில்தான்.

பையில் வருவதைப் படிக்கவும் பழக்க வேண்டும். இதற்காகக் குப்பைத் துப்பறிவில் கிடைத்த சோடாப் போத்தல்களையும் ஜூஸ் பெட்டிகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களின் மேல் சீனிக்கான நிறக் குறி போட வேண்டும் என்று விதி வந்தது. அந்த விதியின்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. பிள்ளைகள் நிறத்தைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். சந்தியில் இருக்கிற விளக்கைப் போலத்தானே என்று, மஞ்சளென்றால் பார்த்துப் போகலாம் என்பார்கள். இங்கேதான் கணக்கைக் கையில் கொடுக்க வேண்டும். நிறம் சொல்வது 100 மில்லிலீற்றரின் கதை. நாம் குடிப்பது முழுப் போத்தலை. 100க்கு 10 கிராம் உள்ள மஞ்சள் பானம் 400 மில்லிலீற்றர் போத்தலில் வந்தால் 40 கிராம் சீனி. ஒரு தேக்கரண்டிச் சீனி நாலைந்து கிராம் வரும். வெறும் கண்ணாடிக் கிளாசில் ஒரு பிள்ளையே கரண்டி கரண்டியாகப் போட, மற்றவர்கள் சத்தமாக எண்ண வேண்டும். எட்டு, ஒன்பது, பத்து. ஆறாவது கரண்டியிலேயே முகம் மாறிவிடும். "தேத்தண்ணிக்கு இவ்வளவு போட்டா அம்மா அடிப்பா" என்று ஒருவன் சொன்னான்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு படி. சேர்த்துக்கொள்ளும் சீனியிலிருந்து கிடைக்கும் சக்தி, ஒரு நாளைக்குரிய மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், முடிந்தால் 5 வீதத்துக்கும் குறைவாக இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு 1500 கிலோகலோரி தேவைப்படும் பிள்ளைக்கு 10 வீதமென்றால் 150. ஒரு கிராம் சீனியில் 4 கிலோகலோரி. ஆகவே 37 கிராமோடு எல்லை முடிந்துவிடுகிறது. அந்த ஒரு மஞ்சள் போத்தலே எல்லையைத் தாண்டிவிட்டது. வகுத்தல் பெருக்கலில் இழுபடுகிற பிள்ளைகளும் இந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள், அது எனக்கு இன்னொரு சந்தோஷம்.

பழத்துக்கும் இப்படி ஒரு போட்டி உண்டு. மேசையில் ஒரு அப்பிள், ஒரு தோடம்பழம், ஒரு கொய்யாப்பழம். எதில் விற்றமின் சி கூட? பிள்ளைகள் மட்டுமல்ல, கூட்டிக்கொண்டு வந்த தாய்மாரும் தோடம்பழத்தையே காட்டுவார்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, தோடம்பழத்தில் 50 அளவில், அப்பிளில் 5 அளவில். காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகும்போது நாம் காசு கொடுத்து வாங்கிப்போவது அப்பிள். வளவில் கொய்யா அணில் கொந்தி விழுந்து கிடக்கிறது. குரக்கனையும் பசும்பாலையும் வைத்துக் கல்சியம் கேட்டாலும் இப்படித்தான் வாயைப் பிளப்பார்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல், அதே அளவு பாலில் 120 அளவில். முள்ளோடு மென்று தின்னும் நெத்தலியையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். மீன் பிடிக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெருமையாக இருக்கும்.

அறிந்தால் தின்றுவிடுவார்களா? மாட்டார்கள். நாக்கு பழக வேண்டும். ஒரு புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து, அதற்கும் மேலே தடவை சுவை பார்க்க வேண்டிவரலாம். வீட்டில் இரண்டு முறை தள்ளிவிட்டால், 'இவனுக்குக் கீரை பிடிக்காது' என்று எழுதியே ஒட்டிவிடுகிறோம். எங்கள் கண்கட்டு விளையாட்டு இந்தத் தடவைகளைக் கூட்டத்தான். கண்ணைக் கட்டி, முதலில் மணக்க வேண்டும், பிறகு கரண்டி நுனியளவு நாக்கில். வல்லாரைச் சம்பலா, பொன்னாங்காணி வறையா, முருங்கையிலைச் சுண்டலா என்று சொல்ல வேண்டும். துப்பலாம், அதற்குத் தண்டனை இல்லை, கேலியும் இல்லை. இந்தச் சலுகை இருப்பதால்தான் பயந்த பிள்ளையும் வாயைத் திறக்கிறது. அகத்தியைக் கண்டாலே ஓடிய ஒருவன் இப்போது மணத்திலேயே கண்டுபிடிக்கிறான். தின்பது இன்னும் கொஞ்சம்தான், ஆனால் தின்கிறான். கச்சான், முட்டை, இறால் போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் யாரென்று முன்கூட்டியே தாய்மாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடி விளையாடாமல் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் வைத்திருக்க முடியாது. எங்களிடம் கிளித்தட்டு இருக்கிறது, கோடுகளில் நின்று மறிப்பவர்களிடம் பிடிபடாமல் தாண்டிப் போய்த் திரும்பும் விளையாட்டு. முற்றத்தில் கோடு கீறி, மறிப்பவர்களுக்குப் பெயர் கொடுத்துவிடுவோம். ஒரு கோடு சொப்பின் பேக், ஒன்று தங்கூசி வலை, ஒன்று கடற்கரை விளக்கு வெளிச்சம், ஒன்று முட்டையைக் கிளறும் நாய். நடுவில் ஓடும் கிளி, மனிதன். பாய்ந்து போகிறவர்கள் ஆமைக் குஞ்சுகள். எல்லாக் கோடும் தாண்டி ஆழ்கடலுக்குப் போய், பெரிதாகி, முட்டையிடத் திரும்பி வந்தால்தான் பழம், அதாவது வெற்றி. உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகை இலங்கைக் கரைகளுக்கு முட்டையிட வருகின்றன. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்று மதிப்பிடுகிறார்கள். முதல் ஆட்டத்தில் பழமாகிறவர்கள் மிகக் குறைவு. அப்புறம் பிள்ளைகளிடம் கேட்பேன்: "நாங்கள் நினைச்சா எந்தக் கோட்டை அழிக்கலாம்?" கடலிலிருக்கும் அலையையும் சுறாவையும் நாங்கள் அழிக்க முடியாது. சொப்பின் பேக்கை அழிக்கலாம். ஒருவன் காலால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழிப்பான், மறித்து நின்ற பிள்ளை ஆமைப் பக்கம் சேர்ந்துகொள்ளும். மறுபடி ஆடினால் கூடப் பேர் பழமாவார்கள். மேசையில் இருந்து இதை எத்தனை படம் போட்டு விளக்கினாலும், கால் ஓடிக் கண்ட வித்தியாசம் வராது. ஜெலி மீனென்று நினைத்து ஆமை சொப்பின் பேக்கை விழுங்கும் என்பதையும் அந்த மூச்சிரைப்பிலேயே சொல்லிவிடுவேன்.

மான்களைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு இந்தக் கதையை முடிக்க முடியாது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான் திரிவதை இங்கே பிறந்த எல்லாப் பிள்ளைகளும் கண்டிருப்பார்கள். நகரத்துக் குப்பையைக் கிளறி அவை பொலித்தீனை மெல்வதையும் கண்டிருப்பார்கள். கேள்வி: மானின் இரைப்பையில் எத்தனை அறை? நாலு. முதல் அறையில் போட்டுவைத்து, பிறகு வாய்க்குக் கொண்டுவந்து அசை போடும். பொலித்தீன் அங்கே கரையாது, சுருண்டு கட்டியாகித் தங்கிவிடும். வயிறு நிரம்பினது போல இருக்கும், ஆனால் புல்லுக்கு இடம் இருக்காது. நிறைந்த வயிற்றோடே மான் மெலியும். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை, "சோத்துக்கு முன்னால மிக்சர் திண்டா எனக்கும் வயிறு நிறைஞ்சிடும் ரீச்சர், பிறகு சோறு இறங்காது. அப்ப நானும் மான் மாதிரித்தானே?" என்றாள். அன்றைக்கு நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த மிச்சக் கேள்விகளைக் கேட்கவில்லை, தேவைப்படவில்லை. கோட்டைக்குப் போனால் மானுக்குப் பிஸ்கட் நீட்டுவதில்லை என்று அவர்களே முடிவெடுத்தார்கள்.

பரிசு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வென்றவருக்கு டொபி கொடுத்தால், அதுவரை ஆடியதெல்லாம் வீண். கறிவேப்பிலைக் கன்று, பப்பாசிக் கன்று, ஒரு முருங்கைத் தடி, பை நிறைய மிளகாய் விதை. தோற்ற அணிக்கும் உண்டு. முருங்கைத் தடியை வேலியோரம் குத்திவிட்டால் சில மாதத்தில் இலை பறிக்கலாம், அந்த இலையோடு சனிக்கிழமை வந்து நிற்கிற பிள்ளையின் நடையே வேறு. கன்று பரிசு வாங்கிய ஒரு மகன் இயற்றிய விடுகதை இது: "தடி மாதிரித் தொங்குவேன், அடிக்க உதவ மாட்டேன். சப்பித் தின்பாய், முழுதாய் விழுங்க மாட்டாய்." விடையை நீங்களே சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த விளையாட்டிலும் கேட்காதீர்கள். 'இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?' 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வீடுகளில் அடுப்பு எரிவதே பெரும்பாடாயிருந்த காலத்தை இந்தப் பிள்ளைகள் கண்டவர்கள். பாணும் சம்பலும் மட்டும் சாப்பிட்டு வருகிற பிள்ளை, வெறும் தேத்தண்ணியோடு வருகிற பிள்ளை, எல்லாரும் அந்த வட்டத்தில் இருக்கிறார்கள். 'நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு' என்று பலகையில் இரண்டு பத்தி போட்டால், தன் வீட்டுச் சாப்பாடு எந்தப் பத்தியில் விழுகிறது என்று ஒரு பிள்ளை தலை குனிந்துகொள்ளும். அதனால் எங்கள் விளையாட்டில் வரும் பொருளெல்லாம் வேலியிலோ வளவிலோ வாடியிலோ கிடைப்பதாக, காசு குறைந்ததாக இருக்கும். ஒவ்வொரு சனியும் ஒரு பானை இலைக்கஞ்சியோ அவித்த பயறோ பொதுவில் இருக்கும். தாய்மார் முறை வைத்துக் காய்ச்சுகிறார்கள். எந்தப் பிள்ளை பசியோடு வந்தது என்று யாருக்கும் தெரியவும் வராது.

கேள்விகளை இப்போது நான் தயாரிப்பது குறைவு. வாசிகசாலை வாசலில் ஒரு பால்மாப் பேணி வைத்திருக்கிறோம், பிள்ளைகள் எழுதிப் போடுவார்கள். கேள்வியோடு 'விடையை எங்கே போய்ப் பார்க்கலாம்' என்பதையும் எழுத வேண்டும். இந்தத் தவணை விழுந்தவற்றில் சில: புறாமலைப் பவளப்பாறை கல்லா, செடியா, உயிரா? கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் ஒரே சூடா? நெத்தலி என்ன தின்னும்? புறாமலை 1963ல் சரணாலயமாகி 2003ல் தேசிய பூங்காவானது, நிலாவெளியிலிருந்து படகு வேண்டும், அதற்குப் பெற்றோரின் சம்மதக் கடிதமும் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும் வேண்டும். கன்னியாவுக்கு பஸ் போதும். வெப்பமானி ஒன்று இரவல் வாங்கிவிட்டேன், முதலில் அங்கேதான் போகிறோம். நெத்தலிக் கேள்விக்கு, கரைவலை இழுக்கிற ஒரு பிள்ளையின் அப்பப்பா அடுத்த சனிக்கிழமை மீனோடு வருகிறார்.